பொன்ரூன் படகின்ர பெற்றோல் தாங்கியை நீங்களே கழட்டித் திருத்தினவை ஆராவது இருக்கிறீங்களோ?

மயிலிட்டியான் (அஜக்ஸ், ஒன்ராறியோ), ஏப்ரல் 24

வணக்கம். போன செப்ரெம்பரில ஒரு பழைய பொன்ரூன் படகு (ரெண்டு மூண்டு மிதவைக் குழாய்க்கு மேல தட்டையாப் பலகை அடிச்ச படகு) வாங்கினனான். 2004ஆம் ஆண்டுப் படகு, 22 அடி, பின்னால 60 குதிரைவலு நாலு ஸ்ட்ரோக் எஞ்சின். சிம்கோ ஏரியிலதான் விடுறது. என்ர அப்பா 1990இல இடம்பெயருமட்டும் மயிலிட்டியில கடல்தொழில் செய்தவர். இப்ப 78 வயது. போன கோடையில ஏரிக்கரையில நிண்டு ஒரு பொன்ரூன் போறதைக் கனநேரம் பாத்திட்டு, "உது ஆடாது போல கிடக்கு, என்னாலயும் ஏறலாம்" எண்டார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதை வாங்கினது.

வாங்கி மூண்டு தரம்தான் ஓடினம். 15 நிமிசம் ஓடினதும் எஞ்சின் இழுத்து இழுத்து நிக்குது. கொஞ்சம் ஆறவிட்டால் திரும்பப் பிடிக்குது. மற்றது, வெயில் ஏறினால் பின்சீற்றுக்குக் கீழ பெற்றோல் மணக்குது. அப்பாவை ஏத்திக்கொண்டு போய் நடு ஏரியில நிக்க எனக்கு மனம் வரேல்ல, அதோட படகை மேல ஏத்திப்போட்டன்.

இப்ப பனி போனபிறகு சீற்றைக் கழட்டிப் பாத்தன். அலுமினியத் தாங்கி, 24 அமெரிக்கக் கலன், அதாவது 90 லீற்றர் பிடிக்கும். 40 அங்குலம் நீளம், 18 அகலம், 8 உயரம். மேல்பக்கம் பளிச்செண்டுதான் கிடக்கு. அடியில கறுப்புப் பஞ்சு மாதிரி ஒண்டை வைச்சு அதுக்கு மேல இருத்தியிருக்கினம். இடுக்கால விரலை விட்டால் ஈரம்.

கேட்ட இடத்தில புதுத் தாங்கி போட 2,000 டொலருக்கு மேல சொல்லுகினம், அதுவும் யூலைக்குப் பிறகுதானாம். வித்தவர் இப்ப போன் எடுக்கிறேல்ல.

மூண்டு கேள்வி. உள்ளுக்குக் கிடக்கிற 60 லீற்றர் பெற்றோலை எப்பிடி வெளியில எடுக்கிறது? மோட்டர்சைக்கிள் தாங்கிக்குள்ள ஊத்திப் பூசுற மாதிரியான பூச்சை இதுக்குள்ளயும் ஊத்தலாமோ? கடைசியா அடியில மிஞ்சிறதை வேக்குயூமால உறிஞ்சி எடுத்தால் சரிவருமோ?

---

பத்தாயிரம் ஏரி (மினசோட்டா), ஏப்ரல் 24

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா அதுல உயிர் போயிடும். வேக்குவம் கிளீனரை அந்த டேங்க் பக்கமே கொண்டு போகாதீங்க. அதோட மோட்டார்ல சின்னச் சின்னதா தீப்பொறி வந்துகிட்டேதான் இருக்கும். நீங்க உறிஞ்சற ஆவியை நேரா அந்தப் பொறி மேலயே கொண்டு விடறீங்க. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிர்லயே பத்திக்கற அளவுக்கு ஆவி விடும். காத்துல நூத்துக்கு ஒண்ணரைப் பங்கு கலந்தாலே போதும். அந்த ஆவி காத்தை விட மூணு மடங்குக்கு மேல கனம். மேல பறந்து போகாம தரையோட ஊர்ந்து, கராஜுக்குள்ள இருக்கற வாட்டர் ஹீட்டர் வரைக்கும் போகும். அதனால வேலையை வெளியில, காத்து வீசற இடத்துல வச்சுக்குங்க. பேட்டரியைக் கழட்டி படகை விட்டே வெளிய எடுத்து வச்சுட்டு ஆரம்பிங்க.

நான் 2019ல என்னோடதைக் கழட்டினேன். செயின்ட் கிளவுட் பக்கம் இருக்கேன். பக்கத்து ஊர் ரிச்மண்ட். 1950களோட ஆரம்பத்துல ஆம்ப்ரோஸ் வீரிஸ்ங்கறவர் இரும்பு பீப்பாய்களை ஒண்ணோட ஒண்ணா வெல்ட் பண்ணி ரெண்டு வரிசையாக்கி, மேல பலகை அடிச்சு பான்டூன் படகு பண்ணது அங்கதான். அந்த அமைப்பு இன்னைக்கும் பெருசா மாறலை. மிதக்கறதெல்லாம் கீழ, மத்ததெல்லாம் பலகைக்கு மேல. உங்க டேங்க் பலகைக்கு மேல சீட்டுக்குள்ள இருக்கறதால பாதி வேலை மிச்சம். நடு ட்யூபுக்குள்ள டேங்க் வச்ச படகும் உண்டு, அதுவா இருந்திருந்தா நீங்களே பண்ணுங்கன்னு சொல்லியிருக்க மாட்டேன்.

கழட்டறதுக்கு முன்னாடி எஞ்சின் ஏன் நிக்குதுன்னு கண்டுபிடிச்சிடுங்க. நின்ன உடனே பெட்ரோல் மூடியைத் திறந்தா புஸ்ஸுனு காத்து உள்ள போற சத்தம் வந்துதா? வந்தா டேங்குக்குள்ள காத்து விடற காத்துக்குழாய் அடைச்சிருக்கு. சிலந்தியும் குளவியும் அதுல கூடு கட்டும். சத்தம் இல்லைன்னா டேங்கிலேருந்து எஞ்சினுக்கு ட்யூப் கிளம்பற இடத்துல ஒரு பித்தளைத் துண்டு இருக்கும், அதைக் கழட்டிப் பாருங்க. உள்ள ஒரு குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கும். ட்யூப் அறுந்தா பெட்ரோல் தானா ஒழுகாம தடுக்கற வால்வு அது. கொஞ்சம் குப்பை மாட்டினாலும் எஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

மூணாவது சந்தேகம் தண்ணி. உங்க ஒன்டாரியோல 2020லேருந்து சாதாரண பெட்ரோல்ல சராசரியா பத்து சதவீதத்துக்குக் குறையாம எத்தனால். எத்தனால் தண்ணியை இழுத்துத் தனக்குள்ள வச்சுக்கும், ஆனா ஓரளவுக்குத்தான். 90 லிட்டர்ல அரை லிட்டர் தண்ணி வரைக்கும் தாங்கும். அதைத் தாண்டினாலோ, குளிர் இறங்கினாலோ எத்தனாலும் தண்ணியும் சேர்ந்து பிரிஞ்சு அடியில போய் உக்காந்துக்கும். எஞ்சினுக்கு உறிஞ்சற குழாய் வாய் வச்சிருக்கறதும் அதே அடியிலதான்.

பெட்ரோலை எடுக்க எஞ்சின் ட்யூப்ல இருக்கற கைப்பந்தே (கையால அமுக்கினா பெட்ரோலை இழுக்கற ரப்பர் பந்து) போதும். எஞ்சின் பக்கத்து முனையைக் கழட்டி சிவப்பு கேன்ல விட்டுக்கிட்டு அமுக்கிக்கிட்டே இருங்க. கேன் தரையில இருக்கணும். வண்டி மேலயோ ரப்பர் விரிப்பு மேலயோ வச்சு நிரப்பக் கூடாது, நிலை மின்சாரம் சேர்ந்துடும். கை வலிக்கும், பரவாயில்லை. வீட்டுல இருக்கற கரண்ட் பம்பு எதையும் தொடாதீங்க.

---

ஓஷவா வெல்டர், ஏப்ரல் 25

தம்பி, நான் 26 வருசமா அலுமினியம் ஒட்டுறன். மேல சொன்னதெல்லாம் சரி. நான் தாங்கியைப் பற்றி மட்டும் சொல்லுறன்.

உள்ளுக்கு ஊத்திற பூச்சை மறந்திடுங்கோ. படகுத் தாங்கிக்குள்ள பெற்றோல் அலையாமல் இருக்கத் தடுப்புத் தகடுகள் இருக்கும். அதுக்குப் பின்னால பூச்சு ஒழுங்காப் போகாது. பிடிக்காத இடத்தில நாளைக்கு உரிஞ்சு வந்து குழாயை அடைக்கும். அதைவிட முக்கியம், அலுமினியத் தாங்கி அனேகமா வெளியில இருந்துதான் அரிக்கிறது. நீங்கள் சொன்ன அந்த ஈரப் பஞ்சுதான் எதிரி. அலுமினியத்துக்குக் காத்துப் பட்டால் தன்னைத்தானே ஒரு மெல்லிய படலத்தால மூடிக்கொள்ளும். ஈரம் ஒட்டிக்கொண்டு காத்துப் படாமல் கிடந்தால் அந்தப் படலம் திரும்ப வராது, குழிகுழியா உள்ளுக்கு இறங்கும். உங்கட தாங்கித் தகடு அனேகமா 5052 எண்ட கலவை, 2.3 மில்லிமீற்றர் தடிப்பு. இருபது வருச ஈரத்துக்கு அது பெரிய தடிப்பில்லை.

கழட்டிக் கவிட்டுப் பாருங்கோ. வெள்ளைப் பவுடர் இருக்கும். துருப்பிடியாத கம்பி பிரஷால மட்டும் தேயுங்கோ, இரும்புக்குப் பாவிச்ச பிரஷ் கூடாது. குழியைக் குறிக்கப் பென்சில் எடுக்காதேங்கோ, பென்சில் கரியும் அலுமினியத்தை அரிக்கும். மார்க்கர் பாவியுங்கோ.

ஓட்டை இருக்கோ எண்டு காத்தடிச்சுச் சோதிக்கேக்க கொம்பிரெசர் பூட்டாதேங்கோ. உங்கட தாங்கியின்ர அடி 720 சதுர அங்குலம். 1 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு இறாத்தல் அழுத்தம்) அடிச்சாலே 720 இறாத்தல் அதை வெளியில தள்ளும். 3 பி.எஸ்.ஐ.க்கு மேல போனால் தாங்கி ஊதி, நல்லா இருந்த ஒட்டும் வெடிக்கும். சைக்கிள் பம்ப் காணும்.

ஓட்டை இருந்தால் வீட்டில ஒட்ட வெளிக்கிடாதேங்கோ. ஆரும் வீடியோவில செய்து காட்டினாலும் வேண்டாம். கழுவின தாங்கிக்குள்ளயும் மூலையிலயும் ஒட்டின விளிம்பிலயும் பெற்றோல் ஒளிச்சிருக்கும், சூடு பட்டதும் வெளியில வரும். நான் ஒரு தாங்கியை ஒட்டுறதெண்டால் மணிக்கணக்கா நீராவி விட்டு, ஆவி அளக்கிற மீற்றரால பாத்து, பிறகு உள்ளுக்கு ஆர்கன் எண்ட எரியாத வாயுவை விட்டுக்கொண்டுதான் ஒட்டுவன். என்னோட வேலை செய்த ஒருத்தர் வெறும் தாங்கிதானே எண்டு நினைச்சுக் கையில மூண்டு விரலைக் குடுத்தவர். இதை எழுதேக்கயும் அவற்ர கைதான் கண்ணுக்கு முன்னால நிக்குது.

---

ஸ்டர்ஜன் ஏரிக்கரை, ஏப்ரல் 26

தம்பி, தாங்கியைக் கழட்டுற கையோட மேல இருக்கிற, பெற்றோல் எவ்வளவு கிடக்கெண்டு காட்டுற மிதவை அளவியையும் பாத்துவிடுங்கோ. எங்கட படகில முள்ளு எப்பவும் அரைத் தாங்கி எண்டு காட்டும், அதை நம்பிப் பிள்ளையளோட ஏரியில நிண்டனாங்கள். அதுக்குப் பிறகு நானே மல்ரிமீற்றர் வைச்சுப் பாக்கப் பழகினன். மிதவையைக் கீழ விட்டால் 240 ஓம், மேல தூக்கினால் 33 ஓம் வரவேணும். இடையில துள்ளாமல் ஒரே சீராக் குறைய வேணும். அஞ்சு ஸ்குறூவும் ஒரே இடைவெளியில இல்லை, ஒரு பக்கமாத்தான் பொருந்தும், அதால கழட்ட முதல் படம் எடுங்கோ. ரோஸ் வயர் முள்ளுக்கு, கறுப்பு வயர் ஏர்த்துக்கு. அந்த வளையத்துக்குக் கீழ இருக்கிற ரப்பரும் காய்ஞ்சு வெடிச்சிருக்கும். எங்கட படகில மணந்தது அதாலதான்.

---

மயிலிட்டியான், மே 11

அண்ணைமாருக்கும் அக்காவுக்கும் முதலில நன்றி. வேலை முடிஞ்சுது. எனக்கு எழுதினதைப் போல ஆருக்கும் பயன்படட்டும் எண்டு நடந்ததை எழுதிறன்.

சனிக்கிழமை காலமை ஆறு மணிக்குத் தொடங்கினன். படகு ரெயிலரில, வீட்டு வாசலில. பற்றரியைக் கழட்டி வீட்டுக்கு மற்றப் பக்கம் கொண்டுபோய் வைச்சன். பக்கத்து வீட்டுக்காரரிட்டப் போய், பின்னேரம் வரைக்கும் இந்தப் பக்கம் சிகரெட் பத்தாதேங்கோ எண்டு கேட்டன். அந்தாள் தன்ர தீயணைப்பானையும் கொண்டுவந்து படியில வைச்சிட்டுப் போனார்.

கைப்பந்தை அமுக்கி அமுக்கி 60 லீற்றரையும் எடுக்க ஒண்டே கால் மணித்தியாலம். கடைசியா வந்ததில கொஞ்சத்தை ஒரு கண்ணாடி ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள்ள பிடிச்சன். கதிரையில இருந்து பாத்துக்கொண்டிருந்த அப்பா போத்தலை வாங்கி, வெளிச்சத்துக்கு நேர பிடிச்சு, அசையாமல் வைச்சிருந்தார். ரெண்டு நிமிசத்தில நடுவில ஒரு கோடு விழுந்தது. மேல வெளிறின மஞ்சள். கீழ ரெண்டு விரல் உயரத்துக்குப் பிளேன்ரீ நிறத்தில வேறொண்டு. "இது முழுக்கத் தண்ணியடா" எண்டார். மயிலிட்டியில எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊத்தேக்க பழஞ்சீலையால வடிச்சுத்தான் ஊத்துறவையாம். கலனை இரவிரவா அசையாமல் வைச்சு, அடியில கிடக்கிற நாலு விரலைத் தொடமாட்டினமாம். இந்தக் கதையை நான் இவ்வளவு நாளும் கேட்டதில்லை.

வால்வையும் கழட்டினன். குண்டைச் சுத்தி வெள்ளை நூல் மாதிரிச் சிக்கிக் கிடந்தது. ஆரோ முந்தி மரையில சுத்தின வெள்ளை ரேப் பிஞ்சு உள்ளுக்குப் போயிருக்கு. அப்ப எஞ்சின் நிண்டதுக்கு ஒரு காரணமில்லை, ரெண்டு.

தாங்கியைப் பிடிச்சு வைச்சிருந்தது நாலு போல்ற்தான். ரெண்டு போல்ற் பலகைக்குக் கீழ இறுகிப்போய்க் கிடந்தது. கிறைண்டர் வேண்டாம் எண்டு கைவாளால அறுத்தன், அதுக்கே முக்கால் மணித்தியாலம். தம்பியும் நானும் தூக்கிப் புல்லில கவிட்டுவைச்சம்.

கறுப்புப் பஞ்சு அப்பிடியே தாங்கியோட ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு மூலையால பிடிச்சு உரிச்சன். பிழிஞ்சால் தண்ணி வடியுது, ஆறு மாசம் தார்ப்பாய்க்குக் கீழ கிடந்த படகு அது! அடியில நனைஞ்ச விபூதி மாதிரி வெள்ளையாய் அப்பிக் கிடந்தது. பிளாஸ்ரிக் கரண்டியால வழிச்சுப்போட்டுக் கம்பி பிரஷால தேய்க்க, பஞ்சு கிடந்த கோட்டோட குழிகள் ஒவ்வொண்டா வெளிக்கிட்டுது, இடியப்ப உரலின்ர அச்சைப் பாத்த மாதிரி. கனக்க ஆழமில்லை, நகம் தட்டுப்படுற அளவுதான். ஒரு மூலையில மட்டும் ஊசி முனையை வைக்க அது நிக்காமல் உள்ளுக்குப் போச்சுது. கை விறைச்சுப்போச்சு எனக்கு. வெள்ளைப் பவுடர்தான் அந்த ஓட்டையை இவ்வளவு நாளும் அடைச்சு வைச்சிருந்திருக்கு. அதுக்கு மேலதான் போன வருசம் என்ர பிள்ளையள் இருந்தவை.

சுடுதண்ணியும் பாத்திரம் கழுவுற சவர்க்காரமும் விட்டு மூண்டு தரம் அலசினன். கழுவின தண்ணியை ஓடையில விடேல்ல, பழைய பெற்றோலோட சேர்த்து டூராம் பிராந்தியத்தில அபாயக் கழிவு எடுக்கிற இடத்தில குடுத்தன். காசு கேக்கேல்ல.

வெல்டர் அண்ணை சொன்னபடி கொம்பிரெசர் இல்லாமல் சோதிச்சன். கண்ணாடி மாதிரி உள்ளுக்குத் தெரியிற ஒரு பிளாஸ்ரிக் ரியூப்பை யூ மாதிரி வளைச்சுப் பலகையில அடிச்சு, பாதிக்குத் தண்ணி விட்டு, ஒரு முனையைத் தாங்கியில பூட்டி, சைக்கிள் பம்பால மெல்ல அடிச்சன். ரெண்டு பக்கத் தண்ணிக்கும் 70 செ.மீ. வித்தியாசம் வந்தால் 1 பி.எஸ்.ஐ. சாதாரண மீற்றர் இவ்வளவு நுணுக்கமாக் காட்டாது. முதல் தரம் வெயிலில வைச்சு ஏமாந்தன், தண்ணி குறையாமல் ஏறிச்சுது. தாங்கி ஒரு பாகை சூடானாலே மூண்டு நாலு செ.மீ. ஏறுமாம். பின்னேரம் நிழலில வைச்சுத் திரும்பச் செய்தன். சவர்க்காரத் தண்ணி பூசின உடன ஊசி போன மூலையில குமிழி. மிதவை அளவியின்ர ரப்பரைச் சுத்தியும் குமிழி. அக்கா, உங்கட படகின்ர கதையேதான். அளவி நல்லா இருக்கு, 238 இல இருந்து 34 வரைக்கும் சீரா வந்தது. ரப்பரை மட்டும் மாத்தினன்.

ஒட்டுறதுக்கு ஓஷவாவில ஒரு கடையில குடுத்தன். ரெண்டு நாள் வைச்சிருந்து, நீராவி விட்டு, அரிச்ச இடத்தை விடப் பெரிசா 10 அங்குலத்துக்கு 6 அங்குலம் தகடு வெட்டி ஒட்டித் தந்தினம். 260 டொலர்.

பிறகுதான் மனதுக்குப் பிடிச்ச வேலை. அடி முழுக்க அலுமினியத்துக்கெண்டு விக்கிற அமிலக் கழுவல் போட்டு, கழுவிக் காயவைச்சு, அண்டைக்கே ரெண்டு பாகம் கலக்கிற எபொக்சி பிறைமர் ரெண்டு தரம் பூசினன். அடுத்த நாளைக்கு விட்டால் படலம் பிடிச்சிடும், பூச்சு நல்லா ஒட்டாது. மூண்டு நாள் காய விட்டு, திரும்ப 105 செ.மீ. வரைக்கும் அடிச்சு அரை மணித்தியாலம் பாத்தன். கோட்டை விட்டுத் தண்ணி அசையேல்ல. அப்பா கதிரையைக் கொண்டுவந்து அதுக்கு முன்னால போட்டு முழுநேரமும் பாத்துக்கொண்டிருந்தார்.

பஞ்சை எறிஞ்சாச்சு. அதுக்குப் பதிலா ஈரம் குடிக்காத கட்டிப் பிளாஸ்ரிக் பட்டி நாலு, ரெண்டு அங்குல அகலம். சும்மா வைக்கேல்ல, பொலியூறெதேன் பசையால முழுசா ஒட்டி, ஓரத்தையும் வழிச்சு மூடினன். பட்டிக்கும் தாங்கிக்கும் இடையில தண்ணி போக இடம் இருந்தால் பழையபடி அதே கதைதான். பட்டிகளுக்கு இடையில காத்தோட்டம் இருக்கு.

ரியூப் எல்லாம் புதுசு. பெற்றோல் விடுற ரியூப் ஒண்டரை அங்குலம், காத்துக்குழாய் எட்டில அஞ்சு அங்குலம், ரெண்டிலயும் படகுப் பெற்றோலுக்குரியது எண்டு அடிச்சிருக்க வேணும். பழைய ரியூப்பை மடக்க உள்ளுக்கு வெடிப்புத் தெரிஞ்சது. பெற்றோல் விடுற ரியூப்பின்ர ஒவ்வொரு முனைக்கும் ரெண்டு கிளிப். மரைகளுக்கு ரேப் சுத்தாமல் பெற்றோல் தாங்கிற பசை. எஞ்சினுக்கு முன்னால தண்ணி பிரிக்கிற 10 மைக்ரோன் பில்ரர். எல்லாத்துக்கும் சேர்த்து 610 டொலர் முடிஞ்சுது.

---

பத்தாயிரம் ஏரி, மே 11

ஊசி உள்ள போன இடத்தைப் படிச்சப்போ எனக்கும் கை நடுங்கிச்சு. நல்லபடியா முடிச்சீங்க. இனிமே எந்த பெட்ரோல் போடப் போறீங்க? இங்க பங்குகள்ல படகுக்கும் பழைய காருக்கும்னு போர்டு போட்டு எத்தனால் இல்லாததைத் தனியா விக்கறாங்க, நான் அதைத்தான் போடறேன். பில்டர்ல தண்ணி சேருதான்னு முதல் மாசம் அடிக்கடி பாருங்க.

---

மயிலிட்டியான், மே 19

நேற்று இறக்கினம். ஏரிக்கரையில எத்தனோல் இல்லாதது விக்கிற ஒரு இடம் இருக்கு, லீற்றருக்குக் கொஞ்சம் கூடத்தான். அதைத்தான் விட்டன், 40 லீற்றர். ரெண்டு மணித்தியாலம் ஓடினம். எஞ்சின் ஒருக்காலும் இழுக்கேல்ல. மத்தியான வெயிலில சீற்றைத் தூக்கி மூக்கை வைச்சுப் பாத்தன், பசை மணம் மட்டும்தான்.

திரும்பி வந்து கட்டினதும் பில்ரரின்ர அடித் திருகைத் திறந்து கொஞ்சத்தை ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள்ள எடுத்தன். கேக்காமலே அப்பா கையை நீட்டினார். சூரியனுக்கு நேர பிடிச்சு, நான் கயிறுகளைக் கட்டி முடிக்கும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டார். கோடு விழேல்ல. போத்தலைத் துடைச்சு, தன்ர சீற்றுக்குக் கீழ துணியில சுத்தி வைச்சிருக்கிறார். அடுத்த கிழமையும் தானே பாக்கப் போறாராம்.